பதினெட்டு அங்குலம்

காவேரிப்பட்டணத்தைத் தாண்டியதும் எங்கள் பேரூராட்சி.
முன்னால் தென்பெண்ணை,
பின்னால் பேர் இல்லாத ஓடை.
உறுப்பினர்கள் பதினைந்து, அன்று வந்தது பதினொன்று,
டீ மட்டும் இருபத்திரண்டு.

பொருள் எண் ஏழு:
பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னே ஓடைமேல் சிறுபாலம்,
பணி முடிந்தது, பாக்கித் தொகை வழங்கலாம்,
டவுன் பஸ் இனி அந்த வழியாகத் திரும்பலாம்.
'ஏகமனதாக' என்று
பேச்சு தொடங்கும் முன்பே எழுதிவிட்டேன்.
பழக்கம்.

ஒன்பதாவது வார்டு ஜபீன்தாஜ் எழுந்தார்.
கையில் தையல் டேப்,
வீட்டுக்காரர் கடையில் எடுத்தது,
முனையில் நீலச் சாக்குத்தூள் போகவில்லை.

"உள்ளே இறங்கிக் குழாயை அளந்தேன் தலைவரே.
குறுக்கே பதினெட்டு அங்குலம்.
எஸ்டிமேட்டுல முப்பத்தாறு.
கூழ் ஃபேக்டரி மாங்கா நாரு
ஆனி மாசமே பாதிய அடைச்சிருச்சு.
கார்த்திகைல தண்ணி எங்க போகும்?"

யாரோ இருமினார்கள்.
"தண்ணிக்கு வழி தெரியும்மா" என்றார் திம்மராயன்.
சிரிப்பு.
குழாய் இறக்கிய கான்ட்ராக்டர் யாருக்கு மைத்துனர்
என்பது எல்லோருக்கும் தெரியும்,
ஆகவே யாரும் சொல்லவில்லை.
தலைவர் என் பக்கம் திரும்பினார்:
"குறிப்புல ஏத்திக்குங்க."

ஏற்றினேன்.
'வடிகால் வசதி குறித்து உறுப்பினர் கருத்துத் தெரிவித்தார்.
மன்றம் பதிவு செய்துகொண்டது.'
எண்ணை விட்டுவிட்டேன்.
இருபத்தாறு வருச சர்வீஸ் சொல்லிக்கொடுத்தது அது:
எண் இருந்தால் ஆடிட் வரும்,
ஆடிட் வந்தால் ஃபைல் வரும்,
ஃபைல் என் டேபிளுக்குத்தான் வரும்.

அணையில் ஷட்டர் தூக்கிய ராத்திரி
மைக் கட்டிய ஆட்டோ தெருத்தெருவாய்ச் சொல்லிப் போனது.
ஊரே ஆற்றுப் பக்கம் டார்ச் அடித்துக்கொண்டு நின்றோம்.
தண்ணீர் முதுகுப் பக்கம் வந்தது.
ஓடை குழாயை முட்டிப் பார்த்தது,
பிறகு ரோட்டைத் தனக்கென எடுத்துக்கொண்டது.
பாலக்கோட்டு டவுன் பஸ் சீட் மட்டத்துக்கு மூழ்கி
ஹார்ன் தானாக அடித்தபடி நின்றது,
பேட்டரி தீரும்வரை,
கிட்டத்தட்ட விடியும்வரை.
தையல் கடையில் வெட்டி வைத்திருந்த
நாற்பது சட்டையின் கைகள்
மசூதி மதில்வரை மிதந்து போயின.

மூன்றாம் நாள் கோட்டாட்சியர் வந்தார்.
"முன்கூட்டியே யாராவது எச்சரிச்சாங்களா?"
செயல் அலுவலர் புத்தகத்தை விரித்துக் காட்டினார்.
என் கையெழுத்து அழகு என்பார்கள்.
அந்த அழகான வரியில்
யாரும் எதையும் எச்சரித்திருக்கவில்லை.
"பொதுவாப் பேசியிருக்காங்க" என்று மூடினார்.
ஜபீன்தாஜ் கதவோரம் நின்றார்,
புடவைக் கரையில் காய்ந்த சேறு.
அவர் என்னைப் பார்த்திருந்தால்கூடத் தேவலாம்.

மார்கழிக் கூட்டம்.
பொருள் எண் ஒன்று எப்போதும் அதேதான்,
சென்ற கூட்ட நடவடிக்கையை வாசித்து உறுதி செய்தல்.
யாரும் வாசிப்பதில்லை,
'வாசித்ததாகக் கொள்ளப்பட்டது' என்று
ஒரு வாசகம் வைத்திருக்கிறோம்.

வாசித்தேன்.
ஒன்றிலிருந்து, சத்தமாக.
ஏழுக்கு வந்து நிறுத்தினேன்.
"இதுல ஒரு எண் விட்டுப்போயிருக்கு.
விட்டது நான்."

திம்மராயன் டீயைக் கீழே வைத்தார்.
தலைவர் மேஜைக்கடியில் காலால் செருப்பைத் தேடினார்.
வேண்டாம் என்று எவரும் சொல்வதற்குள்
ஓரத்தில் சிவப்பு மையால் 'திருத்தம்' என்று போட்டு,
பதினெட்டு என்று எழுத்தாலும்
18 என்று எண்ணாலும்,
செக் எழுதுகிற மாதிரி எழுதி
கீழே சுருக்கொப்பம் வைத்தேன்.

ஜபீன்தாஜ் எட்டிப் பார்த்தார்.
"அங்குலம்னு போட்டீங்களா?"

போடவில்லை.
போட்டேன்.